கூரை ஒழுகும் தேவாலயத்துக்கு யுனெஸ்கோ பணம் தருமா?

கேள்வி: அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் வசிக்கிறேன். 1960-களில் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த பழைய தேவாலயம் ஒன்றில் தன்னார்வலராக உதவுகிறேன். கூரை ஒழுகுகிறது. யுனெஸ்கோவுக்கு விண்ணப்பித்தால் பணம் கிடைக்குமா? அதற்குள் பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பதில்: நீங்களோ சபையோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஓர் இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக முன்மொழியும் உரிமை அந்நாட்டு அரசுக்கு மட்டுமே உண்டு. அதற்கு முன் அது நாட்டின் உத்தேசப் பட்டியலில், அதாவது அரசு பின்னர் முன்மொழிய எண்ணும் இடங்களின் பட்டியலில், ஓராண்டாவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் பட்டியலில் 2008-இல் மூன்று தேவாலயங்கள் சேர்ந்தன: உங்கள் ஊரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட், பெத்தேல் பாப்டிஸ்ட், மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ. இவற்றோடு வேறு இடங்களையும் கோத்து ஒரே தொடராக முன்மொழிவதுதான் யோசனை. தென்னாப்பிரிக்காவின் விடுதலைப் போராட்டம் தொடர்பான 14 இடங்கள் 2024-இல் அப்படித்தான் அங்கீகாரம் பெற்றன.

பட்டம் கிடைத்தாலும் கூரைக்குப் பணம் வராது. உலகப் பாரம்பரிய நிதி சிறியது. வசதி குறைந்த நாடுகளுக்கே முன்னுரிமை. நீங்கள் தட்ட வேண்டிய கதவு, அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பூங்கா சேவை தரும் சிவில் உரிமை வரலாற்று மானியம். இப்போது அறிவிப்பு உண்டா என்று அலபாமா வரலாற்று ஆணையத்தில் கேளுங்கள்.

ஜன்னல்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். 1963 செப்டம்பர் 15 அன்று பதினாறாம் தெரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். தப்பிய வண்ணக்கண்ணாடி ஜன்னல் ஒன்றில் இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்துபோயிருந்தது. பின்னர் பிரிட்டனின் வேல்ஸ் மக்கள் சிறுசிறு தொகையாகத் திரட்டி, கைகளை விரித்து நிற்கும் கறுப்பு இயேசுவைச் சித்தரிக்கும் புதிய ஜன்னலைத் தந்தார்கள். அதை யார், எதற்காகத் தந்தார்கள் என்பது பதிவாகியிருப்பதால் அந்தப் புதிய கண்ணாடியும் வரலாறாகிவிட்டது. காற்று புகுகிறது என்று நீங்கள் மாட்டும் ஜன்னலுக்கு அப்படி எந்தக் கதையும் இருக்காது; பழையதன் சாட்சியமும் போய்விடும்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கூரைக்குத் தார்பாய் போட்டு, மழைநீர்க் குழாய்களின் அடைப்பை எடுங்கள். சுவரில் விரிசல் இருந்தால் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டாம். பழைய மென்மையான செங்கலுக்கு இடையில் கெட்டியான சிமென்ட் இருந்தால், ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி அதன் முகம் உதிரும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். எதைக் கழற்றினாலும் முன்கூட்டியே படமெடுத்து, எண்ணிட்டு வையுங்கள்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. 1956 கிறிஸ்துமஸ் இரவில் பெத்தேல் போதகரும் போராட்டத் தலைவருமான பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் வீடு குண்டுவெடிப்பில் தகர்ந்தது. பின்பு சபையினரே இரவுக்காவல் நின்றார்கள். காவலர் எங்கே நின்றார், பேச்சாளர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பதையெல்லாம் செங்கல் சொல்லாது. அன்று பதின்வயதில் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

ஞாயிறு ஆராதனையை நிறுத்திவிட்டு அருங்காட்சியகமாக்கும் ஆலோசனை வந்தால் நிதானியுங்கள். இடம் அதன் பழைய பயன்பாட்டிலேயே தொடர்வதும், உலகப் பாரம்பரியத் தேர்வில் பார்க்கப்படும் உண்மைத்தன்மையின் ஒரு கூறு. தனியார் சொத்தை முன்மொழிய உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். ஆகவே எந்த முடிவையும் சபை நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் வைத்தே எடுங்கள்.