எழுதிப் பழகலாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நீங்கள் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். இணையத்தில் கதை எழுதக் கற்றுத்தர எப்படி வந்தீர்கள்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

அஞ்சல்வழிக் கல்விதான் எனக்கு வாசல். 90களில் பள்ளிவிட்டு வந்ததும் அஞ்சல்வழி மாணவர்களின் தாள்களைத் திருத்துவேன். முகமே தெரியாத ஒருவரின் வரிக்கு ஓரத்தில் நாலு வார்த்தை எழுதி அனுப்பினால், மூன்று வாரம் கழித்து அடுத்த தாளில் அதற்குப் பதில் இருக்கும். அந்தச் சந்தோஷம் எனக்கு விட்டுப்போகவே இல்லை. 2001-இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, இனி மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம் என்று மனசு துள்ளியது. ஆனால் அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு. மாணவர் அனுப்பிய கதையைத் திறந்தால் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீடு பரவிய பிறகுதான் நிம்மதியாக வகுப்பு எடுக்க முடிந்தது. பணி ஓய்வுக்குப் பின் இதுவே முழுநேர வேலை.

கேள்வி: எதிரே உட்காரவைத்துச் சொல்லித்தருவதுபோல் ஆன்லைனில் வருமா? எனக்கு நம்பிக்கையில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

ஐயா, கணக்குக்கு எப்படியோ, கதைக்கு வரும். சில சமயம் நேரில் வராததும் வரும்.

போன வருடம் ஒரு மாணவி, வங்கி ஊழியர், பாட்டியின் சாவைப் பற்றி எழுதியிருந்தார். 'பாட்டி இறந்ததும் வீடே சோகத்தில் மூழ்கியது' என்று ஒரு வரி. நான் திருத்தவில்லை. பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் போட்டேன்: 'அப்போது அடுப்படியில் யார் இருந்தார்கள்?' இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினார்: 'யாரும் இல்லை சார், அடுப்பே மூட்டலையே. காலையில் பாட்டி ஊறப்போட்ட உளுந்து அப்படியே கிடந்தது. மறுநாள் நுரைத்துப் போய், அத்தைதான் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.'

கதை அந்த உளுந்தில் இருந்தது. முப்பது பேர் நடுவே எழுப்பி நிறுத்திக் கேட்டிருந்தால், 'அம்மா இருந்தாங்க சார்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் பார்க்காத அந்த இரண்டு நாள்தான் உளுந்தை நினைவுக்குக் கொண்டுவந்தது.

வீடியோவைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1971-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியபோது பிபிசி வானொலியும் தொலைக்காட்சியும் கையில் இருந்தன. அப்போதும் தபாலில் வந்த கட்டுரைகளை ஒரு ஆசிரியர் படித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அந்த வேலையை விட்டுவிட்டால் எழுத்து வகுப்பில் மிச்சம் ஒன்றுமில்லை. என் வகுப்பில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: எனக்குத் தமிழில் தட்டச்சு தெரியாது. நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பலாமா? (ஒரு வாசகி, பரமக்குடி)

தாராளமாக. அடித்தல் திருத்தல்களோடு அனுப்புங்கள். நீங்கள் எதை அடித்தீர்கள் என்று பார்ப்பது எனக்குப் பெரிய உதவி. கூடவே தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பையும் பழகுங்கள். 'அக்கா' என்று அடிக்க அ, க, க, ஆ என நாலே தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சீக்கிரம் கை பழகிவிடும்.

கேள்வி: பி.எட். முடித்திருக்கிறேன். இதையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா? (ஒரு வாசகர், தென்காசி)

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள் தம்பி. ஒரு கதையைப் படித்துக் குறிப்பெழுத எனக்கு 40 நிமிடம் ஆகிறது. 12 பேர் என்றால் வாரத்துக்கு எட்டு மணி நேரம், வகுப்பு நேரம் தனி. அதற்கேற்ற கட்டணம் கேட்டால் வருகிறவர்களில் பாதிப்பேரால் கட்ட முடியாது; அவர்களைக் கைவிட எனக்கு மனசு வருவதில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. முதலில் தெரிந்த நாலு பேரிடம் கதை வாங்கி, திருத்தாமல் கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் மறுபடி எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த அணியில் என்னோடு உட்கார்ந்து தாள் பார்க்கலாம்.