ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது கீழே விழுந்ததாலா, அவன் வலையாலா?

வலையால்தான். 1973 ஜூன் மாத காமிக்ஸ் இதழான 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஐ இன்று நிதானமாக மீண்டும் படிப்பவர், வில்லன் கிரீன் காப்ளின், பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிட்ட க்வெனின் கால்களை வலை பற்றி நிறுத்தும் கட்டத்தில், கில் கேனின் ஓவியத்தில் அவள் கழுத்தருகே 'ஸ்னாப்' என்ற முறியும் ஒலி சிறிதாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுபவர் கீழே மோதுமுன்பே இறந்துவிடுவார் என்று வில்லன் எள்ளி நகையாடினாலும், வீழ்ச்சி திடீரெனத் தடுக்கப்பட்டபோது ஏற்பட்ட உலுக்கலே உயிரைப் பறித்தது என்று 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் விளக்கம் தரப்பட்டது. கதாசிரியர் ஜெர்ரி கான்வே நாயகனின் குற்றவுணர்வை நீண்ட வசனத்தில் விளக்காமல் அந்த ஒற்றை ஒலியில் அடக்கியதும், க்வெனின் மரணத்தைச் சொல்லிவிடும் கதைத் தலைப்பைக் கடைசிப் பக்கம்வரை மறைத்துவைத்ததும் என்னை இன்றும் உலுக்குகின்றன.