உங்கள் எஸ்யூவி எத்தனை கிலோ இழுக்கும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜூன், டிசம்பர் விடுமுறை நெருங்கினால் பெர்த், நியூசிலாந்து கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பயணம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். படகு வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான குழப்பம் ஒன்றுதான்: விளம்பரத் தாளில் உள்ள இழுவை எடை, காரில் ஆளும் சாமானும் ஏறிய பிறகும் அப்படியே இருக்கும் என்ற நினைப்பு.

கேள்வி (தெம்பனிஸ்): பெர்த்தில் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி எடுக்கிறோம். இழுவை 3,500 கிலோ என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். 2,800 கிலோ கேரவன் கட்டலாமா? ஜிவிஎம் 3,250, ஜிசிஎம் 6,400, முழு டேங்க்குடன் காலி வண்டியின் எடை 2,580.

எண்களைச் சேர்த்து அனுப்பியது நல்லது. ஜிவிஎம் என்பது கார் மட்டும் தாங்கக்கூடிய மொத்த எடை. ஜிசிஎம் என்பது காரும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கு உச்ச வரம்பு. முதலில் காரைப் பார்ப்போம். 3,250-இல் 2,580 போனால் மிச்சம் 670 கிலோ. ஆளுக்கு 65 கிலோ வைத்தால் ஐந்து பேர் 325. பெட்டி, குளிர்பெட்டி 90. டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இழுவைக் கம்பி 45. ஆக 460 போய்விட்டது. கையில் இருப்பது 210 கிலோ.

இந்த 210 எதற்கு என்றால், பந்துச் சுமைக்கு. டிரெய்லரின் முன்பக்கம் காரின் இணைப்புப் பந்தின்மேல் அழுத்தும் எடை அது. காரின் சுமையாகவே கணக்கில் வரும். ஆஸ்திரேலியப் பாணிக் கேரவன்களுக்கு மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம். 2,800 கிலோ கேரவன் என்றால் 280. கார் 3,320 ஆகிவிடும், வரம்பைவிட 70 கிலோ கூடுதல். 210-க்குப் பொருந்துவது 2,100 கிலோ கேரவன்தான்.

ஜிசிஎம் பக்கம் பார்த்தால் 6,400-இல் ஆளும் சாமானும் ஏறிய காரின் 3,040 போக 3,360 மிச்சம், அங்கே தடையில்லை. மூன்று வரம்புகளில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண். இங்கே 3,500, 3,360, 2,100. பதில் 2,100.

பின் அச்சையும் மறக்காதீர்கள். பந்து பின் சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி இருப்பதால் நெம்புகோல் போல வேலை செய்கிறது. சக்கர இடைவெளி 2.85 மீட்டர், பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் என்றால், பந்தில் வைத்த 210 கிலோ பின் அச்சில் கிட்டத்தட்ட 300 கிலோவாக இறங்கும். முன் சக்கரங்களிலிருந்து 90 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகிப் போவது இதனால்தான். பின் அச்சின் வரம்பு கதவோரப் பட்டையில் இருக்கும். வாடகை வண்டியிலும் பார்க்கலாம்.

கேள்வி (செங்காங்): பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பை போட்டால் இழுவை கூடுமா?

கூடாது. பின்பக்கம் தாழ்வது சரியாகும், அவ்வளவுதான். பிரேக், கியர்பாக்ஸ், அச்சு, சேஸிஸ் எதுவும் மாறவில்லையே.

கேள்வி (பொங்கோல்): படகு 800 கிலோ என்று விற்றவர் சொன்னார். பிரேக் இல்லாத டிரெய்லர் போதுமா?

அந்த 800 பெரும்பாலும் வெறும் உடலின் எடை. படகின் பின்னால் மாட்டும் 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று ஏறத்தாழ 170 கிலோ. 120 லிட்டர் பெட்ரோல் 89. இரண்டு பேட்டரி 40. நங்கூரம், சங்கிலி, மிதவை அங்கி, ஐஸ்பெட்டி, தூண்டில் சாமான் 80. டிரெய்லர் 380. கூட்டினால் 1,559 கிலோ. பல எஸ்யூவிகளுக்குப் பிரேக் இல்லாத டிரெய்லருக்கான வரம்பு 750 கிலோதான். அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பிரேக் கட்டாயம் வேண்டும்.

ஆஸ்திரேலிய விதியும் பயனுள்ள அளவுகோல்: 750 கிலோவுக்கு மேல் பிரேக் வேண்டும், 2,000-க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். கடல் நீரில் இறக்கும் டிரெய்லர் என்றால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் டிரம், பேரிங் எல்லாம் கழுவுங்கள். துருப் பிடித்த பிரேக் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): என் கார் ஐரோப்பியத் தயாரிப்பு. ஜிசிஎம் எங்கே பார்ப்பது?

சேஸிஸ் எண் பட்டையில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது காரின் உச்ச எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்தது, மூன்றாவது முன் அச்சு, நான்காவது பின் அச்சு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முழுச் சுமையுடன் இழுக்கக்கூடிய எடை கிடைக்கும். இரண்டாவது வரி காலியாகவோ கோடு போட்டோ இருந்தால் அந்தக் கார் இழுப்பதற்கு அனுமதிக்கப்பட்டதல்ல. கம்பி பொருத்த முடிகிறது என்பதற்காகப் பொருத்தாதீர்கள். சிங்கப்பூரில் கம்பி போடுவதானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை முதலில் பாருங்கள். இன்சூரன்ஸ் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

கம்பிக்கும் தனி வரம்பு உண்டு. அதன் தகட்டில் டி-மதிப்பு என்று இருக்கும்; கம்பி எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பதன் அளவு அது. 3.25 டன் கார், 2.1 டன் டிரெய்லர் என்றால்: 9.81 × 3.25 × 2.1 ÷ 5.35, அதாவது 12.5 கிலோநியூட்டன். தகட்டில் இதைவிடக் குறைவான எண் இருந்தால் அந்தக் கம்பி வேண்டாம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): காலி எடை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. எதை நம்புவது?

ஆஸ்திரேலியாவில் 'டேர்' என்றால் 10 லிட்டர் எரிபொருள் மட்டும். 'கெர்ப்' என்றால் முழு டேங்க். 80 லிட்டர் பெட்ரோல் டேங்க்கில் வித்தியாசம் 52 கிலோ, டீசல் என்றால் 59. நம் ஊர்க் கார் சோதனைச்சாவடி தாண்டும்போது முக்கால் டேங்க் இருந்தே ஆக வேண்டும் என்பதால், எரிபொருளைக் குறைத்து எடை மிச்சப்படுத்தும் வழி ஜொகூர் பக்கம் போகிறவர்களுக்கு இல்லை. அமெரிக்கக் காணொளி பார்ப்பவர்கள் பவுண்டைக் கிலோ என்று படித்துவிடாதீர்கள்: 7,700 பவுண்டு ஏறத்தாழ 3,490 கிலோதான்.

காகிதத்தைவிட எடைமேடை நம்பகமானது. ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பந்துச் சுமையை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் குளியலறைத் தராசு, நடுவே 90 செ.மீ., மேலே தடித்த பலகை. முதலில் பலகையின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, செங்கலிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் கப்ளிங்கை (பந்தில் மாட்டும் டிரெய்லர் முனையை) இறக்குங்கள். டிரெய்லர் காரில் மாட்டும் உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டும். தராசு காட்டுவதில் பலகையைக் கழித்து மூன்றால் பெருக்குங்கள்.

கேள்வி (ஈசூன்): பந்துச் சுமையைக் குறைக்க, கேரவனில் சாமானைப் பின்னால் தள்ளினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். பின்பாரம் கூடினால் கேரவன் வாலாட்டத் தொடங்கும்; வேகம் கூடக் கூட ஆட்டம் பெருகிக் காரையே திருப்பிவிடும். கனமானவை அச்சுக்கு மேல், தரையோடு ஒட்டி இருக்கட்டும். ஆட்டம் தொடங்கினால் கால் பிரேக்கை அழுத்தாமல், எதிர்ப்பக்கம் வெட்டாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லர் பிரேக்குக்குக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுங்கள். நியூசிலாந்தில் டிரெய்லருடன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். காற்றடிக்கும் நாளில் 80-இல் போங்கள்.