அலையடிக்கும் கடலிலும் மீனுக்கு மூச்சு முட்டுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறோம். வெயில் காலத்தில் காற்று விழுந்த நாட்களில், விடியும் முன்பே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. குளத்தில் இப்படி நடக்கும், சரி. கடலிலும் ஆக்சிஜன் குறையுமா? என்ன செய்யலாம்?

பதில்: குறையும். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 7.4 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 6.2 தான். அதே சூட்டில் மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு சுருங்கும் நேரத்தில் செலவு ஏறுகிறது.

ஆழ்கடலில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சூடான மேல்நீர் லேசாகி மேலேயே மிதக்கிறது; அடியில் இருப்பது குளிர்ந்த, கனத்த நீர். இரண்டும் கலக்காவிட்டால் காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் கீழே போய்ச் சேராது. அங்கேயோ பாக்டீரியாக்கள் இருப்பதையும் தீர்த்துக்கொண்டிருக்கும். 1960க்குப் பிறகு உலகக் கடல்கள் இப்படிச் சுமார் 2 சதவீத ஆக்சிஜனை இழந்துவிட்டன. அது சராசரிக் கணக்கு. அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் நடு ஆழத்தில் இயல்பாகவே ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால், நமக்கு இது கவலைக்குரிய செய்தி.

உங்கள் கூண்டு நிற்பது கரையோரத்தில். அங்கே பழியை எல்லாம் புவி வெப்பத்தின் மீது போட முடியாது. பகலில் ஆக்சிஜன் தரும் நுண்பாசிகள் இரவில் அதை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியும் முன் திணறல். 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்னும் நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் பச்சையானபோது, சில இடங்களில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்களோடு பவளங்களும் செத்தன.

நாலைந்து பேர் சேர்ந்தாவது ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்குங்கள். உச்சிவெயிலில் அளந்தால் நல்ல எண்தான் காட்டும். விடியும் முன், அடிவலை மட்டத்தில் இறக்கி அளக்க வேண்டும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்று இரை போடவே கூடாது, செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். பாசியும் சிப்பியும் அடைத்த வலைக்குள் நீரோட்டம் புகாது என்பதால், கோடைக்கு முன்பே வலையை மாற்றிவிடுங்கள். விற்கும் அளவுக்கு வந்த மீன்களைப் பிடித்து நெருக்கடியைக் குறையுங்கள். தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் மீட்டர் எண்ணுக்காகக் காத்திருக்காமல், நீரோட்டமுள்ள இடத்துக்குக் கூண்டை இழுத்துப் போய்விடுங்கள்.