பெட்டகத்து வெள்ளி கறுத்துப்போனால் என்ன செய்வது?

கேள்வி: வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். என் கல்யாணத்துக்கு ஆத்தா வைத்த வெள்ளிச் சாமான்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்தால் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, தட்டு எல்லாம் கரியாகக் கிடக்கின்றன. சாமான் பரப்பும்போது இவற்றையும் வைக்க ஆசை. விபூதி போட்டுத் தேய் என்கிறார் மாமியார். புளி போடு என்கிறார் நாத்தனார். அலுமினியத் தாளும் சோடாவும் போதும் என்கிறாள் மகள். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் மகள் பேச்சைக் கேளுங்கள் ஆச்சி, கடைசியில் மாமியார் பேச்சை. புளியைப் பித்தளைக்கும் செம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு, வெள்ளியின் மேல்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடுகிறது. அதுதான் கறுப்பு. ஆக, அந்தக் கறுப்புக்குள் இருப்பதும் உங்கள் ஆத்தா வைத்த வெள்ளிதான். தேய்த்தால் கறுப்போடு அதுவும் துணியில் போய்விடும். உங்கள் தட்டுகளின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரும் விலாசமும் வெட்டியிருக்கும், அதைப் பாருங்கள். வருஷக்கணக்கில் தேய்த்துப் புழங்கிய தட்டில் எழுத்து மழுங்கி, விரலால் தடவினால்கூடத் தட்டுப்படாது. பெட்டகத்திலேயே கிடந்த தட்டில் நேற்று வெட்டியது போல இருக்கும்.

அலுமினியத் தாள் முறையில் வெள்ளி போவதில்லை. சூடான சோடாத் தண்ணீருக்குள் அலுமினியமும் வெள்ளியும் தொட்டுக்கொண்டிருக்கும்போது கந்தகம் கழன்றுவிடும், வெள்ளி பாத்திரத்திலேயே தங்கிவிடும். செய்முறை பெரிய வேலை இல்லை. முதலில் சீயக்காய்த் தூளோ பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரோ போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருக்கிற இடத்தில் இந்த முறை வேலை செய்யாது. ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையிலோ எவர்சில்வர் வாளியிலோ சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். தாளின் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் சரி, வெள்ளி அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி உப்பு என்ற கணக்கில் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். கிண்ணம் முழுக வேண்டும்.

உடனே சின்னச் சின்னக் குமிழி எழும்பும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது வெளியேறுகிற கந்தகம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் சன்னலை அடைத்துக்கொண்டு செய்யாதீர்கள், வளவில் காற்றோட்டமாக உட்கார்ந்து செய்யுங்கள். கறுப்பு முதலில் தவிட்டு நிறமாகும், பிறகு மஞ்சள் ஓடும், பிறகு வெளுக்கும். லேசான கறுப்புக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். முப்பது வருஷக் கறுப்புக்குத் தாளையும் தண்ணீரையும் மாற்றி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, பழைய வேட்டித் துணியால் ஈரம் இல்லாமல் துடையுங்கள். உப்பு தங்கினால் வெள்ளியை அரிக்கும்.

இப்போது வெள்ளை வந்திருக்கும், பளபளப்பு கொஞ்சம் மட்டாக இருக்கும். இங்கேதான் மாமியாரின் விபூதி. மெல்லிய துணியில் சலித்த விபூதியை உலர்ந்தபடியே தொட்டு, அழுத்தாமல் துடைத்தால் முகம் தெரியும். பழைய ஆட்கள் விபூதியைத் தேர்ந்ததில் நல்ல அறிவு இருக்கிறது, வீட்டில் கிடைத்த பொடிகளிலேயே மிக நைசானது அதுதான். ஆனால் இன்று கடையில் கிடைப்பதெல்லாம் சாணச் சாம்பல் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடி கலந்தது நிறைய வருகிறது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் வெள்ளியில் வைக்காதீர்கள்.

சிலவற்றை மட்டும் வெந்நீரில் போடவே கூடாது. பலகையில் வெள்ளித் தகடு அடித்த சாமி படம், உள்ளே அரக்கு நிரப்பிய கைப்பிடி, முத்தோ கல்லோ பதித்த குங்குமச் சிமிழ். தகட்டுக்குள் தண்ணீர் போனால் பலகை ஊதிவிடும், சூட்டில் அரக்கு இளகிவிடும். அதேபோல் பூவேலைப்பாட்டின் பள்ளங்களில் ஆசாரி வேண்டுமென்றே விட்ட கறுப்பு இருந்தால், அதையும் வெளுக்க வைத்துவிடாதீர்கள். உருவம் எடுப்பாகத் தெரிவதே அந்தக் கறுப்பால்தான். இவற்றுக்கெல்லாம் விபூதித் துணி மட்டும்.

கேள்வி: பற்பசை போட்டால் வெள்ளி டம்ளர் உடனே பளிச்சென்று ஆகிறதே, அதைத் தொடரலாமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். பற்பசையில் இருக்கும் சிலிக்கா வெள்ளியைவிடக் கடினம். பளிச்சென்று தெரிந்தாலும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழைக் கீறல்கள் வட்டவட்டமாகத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் இதைவிட மோசம்.

கேள்வி: "வெள்ளி, தங்கம் எல்லாம் பாலிஷ் போட்டுத் தருகிறோம், முதல் சாமான் இலவசம்" என்று இரண்டு பேர் தெருவில் வந்தார்கள். பக்கத்து வீட்டில் கொலுசும் அரைஞாணும் கொடுத்தார்கள். கண்ணாடி போல வந்தது. பிறகு நிறுத்தால் எடை குறைகிறது. இது எப்படி?
- பள்ளத்தூர் வாசகி

பதில்: அவர்கள் சாமானை முக்கி எடுத்த தண்ணீர் பெரும்பாலும் அமிலமாக இருந்திருக்கும். நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைக்கும். தங்கத்தைக் கரைக்க அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த ராஜ திராவகம் உண்டு. மேல்பரப்பு கரைந்து புது உலோகம் தெரிவதால் சாமான் மின்னும். கரைந்த உலோகம் அவர்கள் கிண்ணத்தில் இருக்கும், அதைப் பிறகு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். நம் கண் முன்னாலேயே உட்கார்ந்து செய்வதால் சந்தேகமே வராது.

பெரிய வீட்டில் வயதானவர்கள் தனியாக இருப்பது நம் பக்கத்தில் அதிகம். அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்: முகப்பைத் தாண்டி யாரையும் விட வேண்டாம், இலவசம் என்றாலும் ஒரு மெட்டியைக்கூடக் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கட்டும். எடை போட்ட பழைய பில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

கடையில் பாலிஷுக்குக் கொடுத்தாலும் உங்கள் முன்னால் நிறுத்து, எடையைச் சீட்டில் கிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போதும் நிறுக்கச் சொல்லுங்கள். பழகிய கடை, எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் அவரே தராசில் வைப்பார்.

கேள்வி: வேலை சென்னையில். கானாடுகாத்தான் வீட்டை வருஷத்துக்கு இரண்டு முறைதான் திறக்கிறோம். வெள்ளியை எப்படி வைத்தால் கறுக்காது?
- வாசகர்

பதில்: அடியோடு தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ஈரம், கந்தகம், காற்று மூன்றும் படாமல் வைக்க வேண்டும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, அது பட்ட இடத்தில் கோடு போட்டது போலக் கறுத்து, தேய்த்தாலும் தடம் நிற்கும். கம்பளித் துணியும் ஆகாது. கஞ்சி போடாமல் துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, புது மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டைக் கூட வையுங்கள். சந்தனமும் குங்குமமும் ஒட்டியபடி உள்ளே வைக்க வேண்டாம். திறந்தபோது லேசாக மஞ்சள் ஓடியிருந்தால் அப்போதே துணியால் துடைத்துவிடுங்கள், கரியாகும் வரை விட்டால் வேலை பெரிதாகும்.

கேள்வி: கல்யாணத்தில் கொடுத்த ஜெர்மன் சில்வர் குங்குமச் சிமிழுக்கும் அலுமினியத் தாள் முறை ஆகுமா? புதிதாக வெள்ளி வாங்கினால் எதைப் பார்ப்பது?
- காரைக்குடி வாசகி

பதில்: ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். வெள்ளி முலாம் பூசியதாக இருந்தால் தேய்க்கத் தேய்க்க அடியில் இருப்பது வெளியே வந்துவிடும்.

புதுசு வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் முத்திரையும் தர எண்ணும் கேளுங்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. பச்சை பூப்பது அந்தச் செம்பால்தான், கறுப்பது பெரும்பாலும் வெள்ளியால். எனவே கறுத்துவிட்டது என்பதற்காகக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சுத்த வெள்ளியும் கறுக்கும். சீக்கிரமே பச்சை பூத்தால் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் எச்.யூ.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் வந்தது. தங்கத்தைப் போலக் கட்டாயம் என்று இல்லாமல் விருப்பமாகவே கொண்டுவந்ததால், நீங்களாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். பில்லில் எடை, தரம், செய்கூலி, சேதாரம் நான்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலோ சொன்ன தரம் இல்லை என்றாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசலாம்.