பதற்றத்துக்காக பீட்டா பிளாக்கர் எடுத்தால் ஒருவரின் சுபாவமே மாறிவிடுமா?

ப்ரொப்ரானோலால் என்ற பீட்டா பிளாக்கரை எடுக்கத் தொடங்கியதிலிருந்து படபடப்பு அடங்கிவிட்டது, ஆனால் எதிலும் மனம் ஒட்டாமல் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, வீட்டில் "நீ முன்ன மாதிரி இல்லை" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாத்திரையைப் பல மாதங்கள் தினமும் எடுத்தவன் நான். நீங்கள் சொல்வது உண்மையிலேயே நடக்கிற ஒன்று. ஆனால் அதைச் சுபாவ மாற்றம் என்று ஒரே பெயரில் கட்டிவைத்தால் பயம்தான் கூடும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இது மனதுக்காக உருவான மருந்தே இல்லை. 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இதய வலிக்காக உருவாக்கியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தப் பணிக்கும் பங்குண்டு. பயத்திலும் பரபரப்பிலும் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்தான் பீட்டா ஏற்பிகள், அவற்றை மாத்திரை மறித்துவிடுகிறது. அதனால் இதயம் தடதடப்பதில்லை, கை நடுங்குவதில்லை. கவலைப்படும் எண்ணத்தை அது நேரடியாகத் தொடுவதில்லை. உடம்பு அலறாததால் மனமும் கொஞ்சம் அடங்குகிறது, அவ்வளவுதான். உடம்பின் நடுக்கத்தை உணர்வதுதான் பயம் என்று வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1884இலேயே வாதிட்டார். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மாத்திரையை எடுத்தவர்களுக்கு அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

ஏனென்றால் நெஞ்சு வேகமாக அடிப்பது பயத்தில் மட்டும் இல்லையே. சந்தோஷத்திலும் அடிக்கிறது, கோபத்திலும் அடிக்கிறது. எது பயம், எது ஆனந்தம் என்று மாத்திரைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அக்கா மகளுக்கு அவள் ரொம்ப நாள் ஆசைப்பட்ட வேலை கிடைத்த செய்தியை அக்கா போனில் சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன். மனதார சொன்னதுதான். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு துள்ளலும் இல்லை. ஒரு நிமிடம் கழித்து அவளே கேட்டாள்: "என்னடா, உடம்பு சரியில்லையா?" விளையாட்டை டிவியில் சத்தமில்லாமல் பார்க்கிற மாதிரி. ஸ்கோர் தெரிகிறது, எழுந்து குதிக்கத் தோன்றவில்லை. மனைவியோடு வாக்குவாதம் வந்தாலும் பாதியிலேயே "சரி விடு" என்று விட்டுவிடுவேன். எனக்கு அது நிதானமாகத் தெரிந்தது, அவளுக்கு அலட்சியமாகத் தெரிந்தது. உங்கள் வீட்டார் சொல்வதும் அனேகமாக இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அக்கறை குறைந்துவிடவில்லை, அக்கறை வெளியே தெரிகிற வழி அடைபட்டிருக்கிறது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் பேசிய பிறகு பாதிப் பிரச்சினை அன்றே போனது.

அடுத்தது அசதி. இது நன்றாக நிரூபணமான பக்க விளைவு. மாடி ஏறும்போது இதயம் வேண்டிய அளவு வேகமெடுக்காது, கால் கனக்கும், விரல் நுனி சில்லிட்டுக் கிடக்கும். நாள் முழுக்க இப்படி இருப்பவருக்கு நண்பர்களைப் பார்க்கப் போகவோ, பிடித்த வேலையை எடுத்துச் செய்யவோ தோன்றாது. வெளியிலிருந்து பார்த்தால் ஆர்வம் செத்துப்போன மாதிரிதான் தெரியும்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதற்கான உத்தரவு பீட்டா ஏற்பிகள் வழியாகத்தான் போகிறது, அதையும் இந்த மாத்திரை குறைத்துவிடுகிறது. ப்ரொப்ரானோலால் கொழுப்பில் கரையும் வகை என்பதால் மூளைக்குள்ளும் எளிதாகப் போய்விடும். அட்டெனோலால், நடோலால் போன்ற வேறு பீட்டா பிளாக்கர்கள் நீரில் கரைபவை, மூளைக்குள் குறைவாகவே போகும். எனக்குக் கனவுகள் ஒரு கட்டத்தில் மிகத் தெளிவாக, விழித்த பிறகும் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது போல வந்தன. ஏதோ ஒரு கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போவேன், விடிந்ததும் அந்தக் களைப்பு அப்படியே இருக்கும். அப்படி ஓர் இரவுக்குப் பிறகு யாரிடமும் சிரித்துப் பேச முடியாததற்குச் சுபாவத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, மனச்சோர்வு? 1967இலேயே ப்ரொப்ரானோலால் மனச்சோர்வைத் தருகிறது என்று ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்தது. அந்தக் கருத்து வெகுகாலம் நிலைத்துவிட்டது. பிறகு, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடோ வேறு மருந்தோடோ ஒப்பிட்டு நடந்த பீட்டா பிளாக்கர் சோதனைகளை 2002இலும் 2021இலும் தொகுத்துப் பார்த்தார்கள். 2021 தொகுப்பில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டவர்கள். போலி மாத்திரை எடுத்தவர்களைவிட பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இல்லை. அசதியும், விசித்திரமான கனவும், தூக்கக் கேடும்தான் தெரிந்தன. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவர்கள் பதற்றத்துக்காக மருந்து எடுத்தவர்கள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். சராசரியில் தெரியாதது ஒருவருக்கு நடக்காது என்றும் இல்லை. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பதற்றமும் மனச்சோர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வருபவை. படபடப்பு அடங்கியதும் அதுவரை அடியில் கிடந்த சோர்வு மேலே தெரியலாம். அதை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டால் அதற்கான சிகிச்சை தள்ளிப்போய்விடும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள், கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு.

தயவுசெய்து நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தினமும் எடுத்துப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் போட்டுத்தரும் அளவில். அதேபோல பலன் போதவில்லை என்று கூடுதலாகவும் விழுங்கக் கூடாது. இந்த மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை எடுத்த நேரம், தூங்கிய நேரம், அன்றைய மனநிலை, நாடித்துடிப்பு, இந்த நாலையும் ஒரு நோட்டில் தினமும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு போனேன். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று வாயால் சொன்னதைவிட அந்தப் பக்கங்கள் அதிகம் பேசின. துடிப்பு எந்நேரமும் நிமிடத்துக்கு ஐம்பதை ஒட்டியே இருந்ததைப் பார்த்துவிட்டு மருத்துவர் மெதுவாகக் குறைத்து, மேடை, நேர்முகத் தேர்வு போன்ற தருணங்களுக்கு மட்டும் சிறிய அளவாக மாற்றினார். அப்புறம் துள்ளலும் வந்தது, அதோடு கொஞ்சம் படபடப்பும் வந்தது. படபடப்புக்கு, மனநல நிபுணரோடு பேசிப் பேசிச் சரிசெய்யும் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். நாள்பட்ட பதற்றத்துக்கு பீட்டா பிளாக்கர் நல்ல தினசரி மருந்து என்பதற்கு ஆதாரம் பலவீனம். மேடைப் பயம் போன்ற குறுகிய நேரப் பதற்றம்தான் அதற்கு ஏற்ற இடம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பதற்றத்துக்கே ஃப்ளூவாக்ஸமின், ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனநல மாத்திரைகளில் ஒன்றையும் சேர்த்து எடுக்கிறீர்களா? அவை கல்லீரலில் ப்ரொப்ரானோலால் உடைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். சின்ன அளவு மாத்திரையிலேயே ஒருவர் இவ்வளவு மரத்துப்போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். முன்பே சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.