விநாடிக் கணக்கா, வாரக் கணக்கா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் அனிமேஷன் செய்கிறேன். பல நாட்டுக்காரர்கள் 30 பேர் சேர்ந்து பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் எடுக்கும் குறும்படத்தில் 9 ஷாட், மொத்தம் 40 விநாடி, எனக்கு வந்திருக்கிறது. நான்கு வாரத்தில் முடிக்க வேண்டுமாம். விநாடிக்கு இவ்வளவு என்று பேசுவதா, வாரச் சம்பளம் கேட்பதா? முதல் ஷாட்டே நான்கு முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

பதில்: வீட்டில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய பெரியவர் இருந்தால் அவரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். நாள் சம்பளமா, நிறுவைக் கணக்கா என்ற பேச்சில் எல்லாம் ஒன்றில்தான் போய் நிற்கும்: மழை பெய்தால் நட்டம் யாருக்கு? நம் தொழிலில் மழை என்பது இயக்குநரின் மனமாற்றம்.

அதனால் முதலில் அனிமேட்டிக்கை, அதாவது கதைப்படங்களை ஒலியோடு நேரக் கணக்கில் கோத்த முன்மாதிரியை, கேட்டு வாங்கிப் பாருங்கள். வசனம் பதிவாகி, ஷாட்டின் நீளம் முடிவாகி, ரிக் (கதாபாத்திரத்தை அசைக்க உள்ளே பொருத்தும் எலும்புக்கூடு) கைக்கு வந்துவிட்டதென்றால் விநாடிக் கணக்கு உங்களுக்கு லாபம். இவற்றில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தாலும் வாரச் சம்பளம்தான். விநாடிக் கணக்குக்கு ஒப்புக்கொண்டால் திருத்தத்துக்கு வரம்பு எழுதிவிடுங்கள். பிளாக்கிங்கில் (முக்கியப் போஸ்களை மட்டும் வைக்கும் கட்டம்) இரண்டு சுற்று, ஸ்ப்லைனில் (போஸ்களுக்கு இடையே அசைவை ஓடவிடும் கட்டம்) ஒன்று, மெருகில் ஒன்று என்பது என் கணக்கு. பிளாக்கிங்கை ஏற்றுக்கொண்ட பிறகு நடிப்பையே மாற்றச் சொன்னால் அது புது வேலை, புது காசு. உங்கள் ஷாட் பிளாக்கிங்கிலேயே நான்கு முறை திரும்பியிருந்தால் மனம் தளர வேண்டாம். திரும்புவதற்கு அதுதான் மலிவான இடம்.

அந்த நான்கு வாரம்தான் எனக்கு உறுத்துகிறது. திரைப்படத் தரத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு 3 முதல் 5 விநாடி முடித்தாலே நல்ல வேகம். தொலைக்காட்சித் தொடரில் 20, 30கூடப் போகும். உங்களுடையதோ வாரத்துக்கு 10 விநாடி; விநாடிக்கு 24 ஃப்ரேம் (தனிப் படம்) வீதம் மொத்தம் 960 ஃப்ரேம். எந்தத் தரம் வேண்டுமென்று வாயால் சொல்ல விடாதீர்கள்; அவர்கள் முடித்த ஒரு ஷாட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி கூட்டு வேலையின் சங்கடம். என் முதல் பெரிய படத்தில் கிழவர் ஒருவர் வாளி தூக்கும் ஷாட். இடுப்பு முதலில் இறங்கி, தோள் ஒருபக்கம் சரிந்து, இரண்டு ஃப்ரேம் தாமதமாக வாளி தரையை விட்டெழும். எடை அருமையாக வந்திருந்தது. அடுத்த ஷாட் வேறொருவருடையது. ஒட்டிப் பார்த்தால், என் கிழவர் வலது கையில் தூக்கிய வாளி அவருடைய ஷாட்டில் இடது கையில்! இரண்டு நாள் வேலை போனது. முந்தைய ஷாட்டின் கடைசிப் போஸும் அடுத்ததன் முதல் போஸும் கையில் இல்லாமல் நான் இப்போதெல்லாம் ஒரு கீகூட (போஸைப் பதியும் புள்ளி) போடுவதில்லை.

ரிக்கை மூலக் கோப்போடு லிங்க் செய்து, லைப்ரரி ஓவர்ரைடு (அந்த இணைப்பு அறாமல் உங்கள் ஷாட்டில் மட்டும் அசைக்க விடும் வசதி) போட்டே வேலை செய்யுங்கள். அவசரத்துக்கு இணைப்பை அறுத்து லோக்கல் ஆக்கிவிட்டால், ரிக் செய்தவர் பிறகு தோள்பட்டையைச் சரிசெய்து ஏற்றும்போது உங்கள் ஷாட்டில் மட்டும் பழைய தோளே நிற்கும். அனுப்புமுன் வேறு கணினியில் திறந்து பாருங்கள். கதாபாத்திரத்தையே காணோம் என்றால் பாத் (ரிக் கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி) தவறு.

மத்திய ஐரோப்பாவில் காலை 10 மணிக்கு ரிவ்யூ (வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கூட்டம்) என்றால் கோடையில் நமக்கு மாலை 4, குளிர்காலத்தில் 5. நம் பக்கம் இடி இறங்கும் நேரமும் அதுதான், ஆகவே மின்சாரம் போனாலும் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் அவசியம்.

பணம் வெளியூரிலிருந்து வந்தாலும் வேலை இங்கே நடப்பதால் வரிக்குக் காட்ட வேண்டும்: பி பாரம் (தொழில் வருமானக்காரர்களின் வரிப் படிவம்), ஜூன் 30க்குள். நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், காசு கொடுத்துச் செய்வித்தவருக்கே உரிமை போய்விடும். ஷோரீலில் (உங்கள் வேலையின் மாதிரித் தொகுப்பு) காட்டும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போதைக்கு அந்த முதல் ஷாட்டுக்கு மட்டும் இன்வாய்ஸ் அனுப்புங்கள், தங்கச்சி. காசு கணக்கில் விழுந்த பிறகு மற்ற எட்டையும் தொடலாம்.